பெல்ஜியம் கார்டு செல்லாத தெரு

“வீடு உன்னோடது, ஊர் உன்னோடது, இந்த மழைகூட உன்னோடதுதான். பேங்க் கணக்கு மட்டும் என்னோடதா இருந்துட்டுப் போகட்டும்.”

பெல்ஜியத்திலிருந்து எல்லை தாண்டி வந்த ரெனில்டா இதைச் சொன்னது இரண்டு வருடங்களுக்கு முன், டெவென்டர் நகரசபைக் கட்டடத்தின் படிகளில். கல்யாணப் பதிவுக்குப் பத்து நிமிஷம் இருந்தது. இருவருக்கும் அது இரண்டாவது கல்யாணம்.

“தாராளமா. உன் பெல்ஜியம் கார்டு எங்கயாவது செல்லலைன்னா நான் இருக்கேன்ல” என்றார் வெஸ்ஸல்.

“அதே யூரோ, அதே பாஷை, நடுவுல ஒரு வேலிகூடக் கிடையாது. ஏன் செல்லாது?”

ஏன் என்று அவளுக்கு இன்றுவரை புரியவில்லை. செல்லவில்லை, அவ்வளவுதான். பாலாடைக்கட்டிக் கடை, இறைச்சிக் கடை, ரொட்டிக் கடை என்று அந்தத் தெரு முழுக்க அவள் கார்டைப் பார்த்துத் தலையை ஆட்டியது. அதனால் ஒவ்வொரு சனிக்கிழமையும் வெஸ்ஸல் கூடவே வந்தார். முப்பத்தாறு வருஷம் ரயிலில் டிக்கெட் பரிசோதித்த மனிதர். கல்லாவுக்குக் கல்லா சட்டைப் பையிலிருந்து தன் கார்டை எடுத்து நீட்டும்போது, யூனிஃபார்ம் போட்டதுபோல நிமிர்ந்து நிற்பார்.

ஆனால் இந்த வியாழக்கிழமை அது நடக்காது. நாளை அவருக்குப் பிறந்தநாள். நான்கு மாதமாக ஆற்றங்கரையில் நின்று கண்ணைச் சுருக்கிச் சுருக்கிக் காட்டு வாத்துகளைத் தப்பும் தவறுமாக எண்ணிக்கொண்டிருக்கிறார். அவருக்கு ஒரு பைனாகுலர் வாங்க வேண்டும். அவருக்குத் தெரியாமல், தன் காசில் வாங்க வேண்டும். நூலகத்துக்குப் போவதாகச் சொல்லிவிட்டு, பைனாகுலரும் விற்கும் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு வந்திருந்தாள்.

“இந்தக் கார்டு செல்லாதே, ரெனில்டா” என்றாள் கடைக்காரி ஹெர்மீன். கார்டைச் சரியாகப் பார்க்கக்கூட இல்லை.

“போட்டுத்தான் பாரேன்.”

“பெல்ஜியம் கார்டை இந்த மிஷின் எடுக்காதுன்னு உங்களுக்கே தெரியுமே. வெஸ்ஸல் வரலையா?”

“அவருக்குத்தான் இது. அவரையே கூட்டிட்டு வந்து அவரையே காசு கொடுக்கச் சொல்லவா?”

ஹெர்மீன் முகத்தில் ஏதோ சங்கடம் தெரிந்தது. ரெனில்டா அதைப் பரிதாபம் என்று எடுத்துக்கொண்டு, இரண்டு தெரு தள்ளியிருந்த ஏடிஎம்முக்கு மழையில் ஓடி நோட்டுகளோடு திரும்பினாள்.

ஹெர்மீன் கதவுக் கண்ணாடியில் ஒட்டியிருந்த அறிவிப்பைத் தட்டிக்காட்டினாள். “ரொக்கம் வாங்கறதில்ல. போன வருஷம் திருடன் வந்துட்டுப் போனதுலேருந்து கல்லாவே கிடையாது.”

“அப்போ உன் கடையில என்னதான் செல்லும்?”

“என் கார்டு செல்லும்” என்றது பின்னாலிருந்து ஒரு குரல். வெஸ்ஸலின் அத்தை மகள் ட்ரூஸ், மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்ய வந்தவள். “நான் போடறேன், நீ நோட்டை என்கிட்ட கொடு. இதுக்குப் போயா இவ்வளவு பேச்சு?”

ரெனில்டாவுக்கு அவளைக் கட்டிக்கொள்ளலாம் போலிருந்தது. ட்ரூஸ் கார்டைச் செருகி, நான்கு எண்களை அழுத்தினாள். மிஷின் மறுத்தது. மறுபடி அழுத்தினாள். மறுபடி மறுத்தது.

“பின் நம்பர் மறந்துபோச்சு. இரு, வெஸ்ஸலுக்குத் தெரியும்.”

“ட்ரூஸ், வேண்டாம்.”

ட்ரூஸ் ஏற்கெனவே ஃபோனைக் காதில் வைத்துவிட்டாள். “டேய் வெஸ்ஸல், என் பின் நம்பர் என்னடா? நானா? கண்ணாடிக் கடையில. ரெனில்டாவும் இங்கதான் நிக்கறா. சேச்சே, உனக்குப் பரிசெல்லாம் ஒண்ணும் வாங்கலை. பைனாகுலரா? அதைப் பத்தி நான் பேச்சே எடுக்கலையே. நம்பரைச் சொல்லு.”

ரெனில்டா கண்களை மூடிக்கொண்டாள்.

அவர் சொன்னது சரியான நம்பர்தான். ட்ரூஸ்தான் மூக்குக்கண்ணாடி இல்லாமல் தப்பாக அழுத்தினாள். கார்டு முடங்கியது. மிஷினும் ஏதோ கோபத்தில் அப்படியே உறைந்து நின்றது.

“நல்ல உதவி” என்றாள் ரெனில்டா.

“அவனைக் குத்தம் சொல்லு. அவ்வளவு வேகமா யாராவது நம்பர் சொல்லுவாங்களா?”

ஹெர்மீன் ஃபோன் செய்ய, தெருக்கோடியில் அலுவலகம் வைத்திருந்த மிஷின் பழுதுபார்ப்பவர் பையைத் தூக்கிக்கொண்டு வந்தார். அவருக்குப் பின்னாலேயே சைக்கிளைச் சுவரில் சாத்திவிட்டு, நனைந்த தொப்பியோடு வெஸ்ஸலும் வந்தார்.

ரெனில்டா பைனாகுலர் பெட்டியைச் சட்டென்று மழைக்கோட்டுக்குள் நுழைத்தாள். வயிற்றுப் பக்கம் சதுரமாகப் புடைத்தது.

“நூலகம் இடம் மாறிடுச்சா, ரெனி?” என்றார் வெஸ்ஸல். பார்வை கோட்டின் மேல் இருந்தது.

“கண்ணு கொஞ்சம் மங்கலா இருக்கு. காட்டிட்டுப் போலாம்னு வந்தேன்.”

“வயித்துல என்ன?”

“குளிருது.”

“சரி, உள்ள எதுன்னாலும் நான் கொடுத்துடறேன்” என்று அவர் வழக்கம்போல் சட்டைப் பைக்குள் கையை விட்டார். முகத்தில் அந்தச் சனிக்கிழமைச் சிரிப்பு.

“இன்னிக்கு மட்டும் அந்தக் கையை வெளியே எடுக்காதே வெஸ்ஸல்” என்றாள் ரெனில்டா. “ஒரே ஒரு தடவை நான் உனக்கு வாங்கித் தரணும்னு நினைச்சேன். அதுக்குக்கூட உன் ஊர் விடலை.”

பழுதுபார்ப்பவர் எதையும் கவனிக்காமல் மிஷினை அணைத்து, மறுபடி உயிர்ப்பித்தார். “ஒரு கார்டு போட்டுப் பாக்கணுமே” என்று, மேஜையில் நோட்டுகளோடு கிடந்த ரெனில்டாவின் கார்டையே எடுத்து நீட்டினார். “உங்களோடதா? தொகை ஏற்கெனவே இருக்கு. நம்பரை அழுத்துங்கம்மா.”

“இது பெல்ஜியம் கார்டு. எடுக்காது.”

“அழுத்துங்களேன்.”

அழுத்தினாள். மிஷின் சந்தோஷமாக ஒரு சத்தம் கொடுத்து, ரசீதைத் துப்பியது.

“எப்படி?”

“எப்படின்னா? போன வசந்தத்துலயே இந்தத் தெருவுல அத்தனை மிஷினையும் மாத்திட்டேன். பாலாடைக்கட்டிக் கடை, இறைச்சிக் கடை, ரொட்டிக் கடை எல்லாத்துலயும். சந்திரன்லேருந்து ஒருத்தன் கார்டு கொண்டுவந்தாக்கூட எடுக்கும்.” அவர் பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

ரெனில்டா ரசீதைப் பார்த்தாள். போன வசந்தத்திலிருந்து எத்தனை சனிக்கிழமைகள் என்று மனதுக்குள் ஓடியது. மெல்லத் திரும்பி ஹெர்மீனைப் பார்த்தாள். அவள் ஏற்கெனவே பளபளத்த ஒரு மூக்குக்கண்ணாடியைத் துடைக்க ஆரம்பித்தாள். ட்ரூஸைப் பார்த்தாள். ட்ரூஸ் அவசரமாகக் கைப்பைக்குள் எதையோ தேடினாள்.

“என்னைப் பாக்காதீங்க” என்றாள் ஹெர்மீன். “வெஸ்ஸல்தான் தெருவுல கடை கடையா வந்து, உங்க கார்டு செல்லாதுன்னே சொல்லச் சொல்லிக் கேட்டுக்கிட்டாரு. பாவமா இருந்துச்சு.”

வெஸ்ஸல் தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். அதிலிருந்து தண்ணீர் சொட்டியது.

“கார்டு செல்லும்னு தெரிஞ்சா நீ தனியாவே போயிடுவேன்னு பயந்துட்டேன், ரெனி” என்றார். “இப்போ தெரிஞ்சுபோச்சு. இருந்தாலும், சனிக்கிழமை என்னையும் கூட்டிட்டுப் போறியா?”