சேக்காட்டு உடன்படிக்கை

ஹேமநாதனுக்கு அது பிடிபடவே இல்லை. ஒருவரோடு ஒருவர் பேசாத இரண்டு வீடுகளுக்கு ஒரே மோட்டார், ஒரே தொட்டி. ஆனாலும் தினமும் காலையில் தொட்டி நிறைந்திருக்கிறது. எப்படி?

சின்னக் கேள்விதான். ஆனால் ஹேமநாதன் வேலப்பன்சாவடிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் சர்வதேச உறவுகள் கற்றுக்கொடுப்பவர். நாடுகள் ஏன் சண்டை போடுகின்றன என்று கேட்டால் மதியச் சாப்பாடு வரை பேசுவார். சண்டைக்காரர்கள் ஏன் ஒத்துழைக்கிறார்கள் என்று கேட்டால் அவரிடம் பதில் இல்லை.

சேக்காட்டில் அவர் குடியிருந்த வீட்டின் அமைப்பு இதுதான். தரைத்தளத்தில் அண்ணன் வரதன். முதல் மாடியில் தங்கை சாமுண்டீஸ்வரி. இரண்டாம் மாடி இருவருக்கும் பொது. அதில் ஹேமநாதனும் மனைவி கிருஷ்ணப்பிரியாவும் வாடகைக்கு இருந்தார்கள். வீட்டைப் பார்த்துப் புரோக்கரிடம் பேசி முடித்தது அவள்தான். தரைக்கடியில் உள்ள சம்ப்பிலிருந்து மொட்டைமாடித் தொட்டிக்கு மோட்டார் தண்ணீரை ஏற்றும். சுவிட்ச் படிக்கட்டுக்குக் கீழே, பூட்டில்லாத பெட்டியில். போட மறந்தால் மூன்று வீட்டிலும் வறட்சி. நிறுத்த மறந்தால் மொட்டைமாடியில் வெள்ளம். தானாக நிற்கும் கருவி ஏதாவது இருக்குமோ என்று ஹேமநாதன் ஏறிப்போய்த் தொட்டி மூடியைத் தூக்கியே பார்த்துவிட்டார். ஒரு பல்லி இருந்தது. கருவி இல்லை.

அண்ணன் தங்கைப் பகைக்கும் ஒரு வரலாறு உண்டு. சாமுண்டீஸ்வரி மகளின் மஞ்சள் நீராட்டு விழாவுக்குத் தாய்மாமன் சீர் கொண்டுவர வேண்டியவர் வரதன். மேளதாளத்தோடு தெருவைச் சுற்றி வந்திருக்க வேண்டும். அவரோ தட்டுகளைத் தூக்கிக்கொண்டு நேராக மாடிப்படி ஏறி வந்துவிட்டார். "கீழ் ஊட்லேர்ந்து மேல் ஊட்டுக்கு இன்னாத்துக்கு மோளம்?" என்று வேறு கேட்டுவிட்டார். அந்தப் பெண்ணுக்குக் கல்யாணமே ஆகிவிட்டது. பேச்சு மட்டும் இன்னும் திரும்பவில்லை.

இப்போது கல்லூரியில் உலக ஒத்துழைப்பு மையம் ஒன்று வரப்போகிறது. அதன் இயக்குநர் நாற்காலிக்கு ஹேமநாதனும் சக பேராசிரியர் இருதயராஜும் போட்டி. இருதயராஜ் ஜெனீவா போய்வந்தவர். ஹேமநாதன் மேற்கே போன அதிகபட்ச தூரம் இந்தச் சேக்காடுதான். அவருக்கு ஒரு கண்டுபிடிப்பு அவசரமாகத் தேவைப்பட்டது. அது வீட்டிலேயே இருந்தது.

வரதனிடம் போனார். "காலையில மோட்டார் போடறது நீங்களா சார்?"

"நானா? அந்தம்மா குளிக்கிறதுக்கு நான் தண்ணி ஏத்தணுமா? இன்னா சார், காலங்காத்தால வம்புக்கு இஸ்க்கிறே?"

சாமுண்டீஸ்வரியிடம் போனார்.

"நானு போடறதா? கீழ் ஊட்டுக்காரரு இஸ்துப் போத்திகினு தூங்குவாரு, நான் எழுந்து அவருக்கு ஊழியம் பண்ணணுமா? போ சார்!"

ஹேமநாதனுக்குப் புல்லரித்தது. தண்ணீர் ஏறுகிறது, இருவரும் மறுக்கிறார்கள். ஆக, இருவருமே ரகசியமாகப் போடுகிறார்கள், வெளியில் கௌரவம் காக்கிறார்கள்! 'மறுக்கப்படும் ஒத்துழைப்பு: ஒரு சேக்காட்டு மாதிரி' என்று கட்டுரை எழுதி அனுப்பினார்.

தேர்வுக்குழுத் தலைவி சுலோசனா ஓய்வுபெற்ற தூதர். கட்டுரையைப் படித்துவிட்டு அவரே தொலைபேசியில் அழைத்தார். "இருதயராஜை ஏறக்குறைய முடிவே பண்ணிட்டோம். உங்க கட்டுரை யோசிக்க வெச்சிடுச்சு. ஞாயிற்றுக்கிழமை நேர்ல வந்து பார்க்கறேன்."

வந்து எதைப் பார்ப்பார்? தொட்டியையா? ரகசியமாக நடக்கும் ஒத்துழைப்பைக் கண்ணுக்குக் காட்ட ஒரே வழிதான் உண்டு. உடன்படிக்கை.

மொட்டைமாடியில் அமைதிப் பேச்சுவார்த்தை ஏற்பாடாயிற்று. யாருக்கும் தலைமாடு கால்மாடு இருக்கக் கூடாது என்று சாமியானாக் கடையிலிருந்து வட்ட மேசை வந்தது. நாற்காலியில் ஒன்றுக்குக் கை இருந்தது, இன்னொன்றுக்கு இல்லை, இரண்டையும் ஹேமநாதன் மாற்றினார். யார் முதலில் படியேறுவது என்பதில் சிக்கல் வந்தது. சேர்ந்தே ஏறட்டும் என்றார் ஹேமநாதன். குறுகலான படிக்கட்டின் திருப்பத்தில் அண்ணனும் தங்கையும் பக்கவாட்டில் சிக்கிக்கொண்டார்கள். அவர்தான் மேலிருந்து ஒருவரை இழுத்து எடுத்தார். யாரை என்று கடைசிவரை அவர் வெளியில் சொல்லவில்லை.

முடிவில் கையெழுத்தாயிற்று. ஒற்றைப்படைத் தேதியில் வரதன், இரட்டைப்படைத் தேதியில் சாமுண்டீஸ்வரி.

"இனிமே அவங்களே போட்டுப்பாங்களா?" என்று கேட்டாள் கிருஷ்ணப்பிரியா, ஆபீஸ் பையை மாட்டியபடி.

"கையெழுத்தே போட்டாச்சு, பிரியா."

"நிச்சயமா?"

"இது என் துறை."

"சரிப்பா."

அது மாதம் முடிகிற வாரம். முப்பத்தொன்றாம் தேதி வரதன் போட்டார். மறுநாள் ஒன்றாம் தேதி, அதுவும் ஒற்றைப்படை. வரதன் சுவிட்ச் பெட்டிக்கு முன்னால் நின்று கத்தினார்.

"நேத்தும் நானு, இன்னிக்கும் நானா? காலண்டரே அந்தம்மா பக்கம்தான் சார் கீது!"

ஹேமநாதன் உடனே திருத்தம் கொண்டுவந்தார். தேதி வேண்டாம், கிழமை. வாரத்துக்கு ஏழு நாள் என்பது அப்போதுதான் அவருக்கு உறைத்தது. ஏழை இரண்டாகப் பிரித்தால் ஒரு கிழமை மிஞ்சும். மிஞ்சிய கிழமையை நடுநிலை நாளாக்கினார். நடுநிலை நாளில் யாரும் போடவில்லை.

அதற்கு மறுநாள் சாமுண்டீஸ்வரி போட்டார். நிறுத்துவது ஒப்பந்தத்தில் இல்லை என்று கோயிலுக்குப் போய்விட்டார். தொட்டி வழிந்து, வரதன் வீட்டு வாசலில் காயவைத்த மிளகாய் முழுக்க மிதந்தது.

"வேணும்னே பண்ணிகீது சார்!" என்றார் வரதன்.

"எழுதினத விட்டு ஒரு எழுத்து மீறல சார் நானு," என்றார் சாமுண்டீஸ்வரி.

ஹேமநாதன் கடைசி ஆயுதத்தை எடுத்தார். அணு ஆயுதக் கிடங்குகளில் ஒருவர் மட்டும் சாவி போட்டால் எதுவும் நடக்காது. இருவர் சேர்ந்து போட வேண்டும். அதே முறை இங்கேயும். ஒருவர் சுவிட்சைப் போடும்போது மற்றவர் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். இருவரும் வராமல் மோட்டார் ஓடக் கூடாது. அப்பழுக்கில்லாத ஏற்பாடு. அதில் ஒரே ஒரு குறைதான் இருந்தது. பெட்டியருகே முதலில் வருகிறவர் மற்றவருக்காகக் காத்து நிற்க வேண்டும். காத்து நின்றால் மரியாதை என்னாவது?

சனிக்கிழமை குழாயில் காற்று வந்தது.

"நான் வேணா கீழ போய்ப் போட்டுட்டு வந்துடவா?" என்றாள் கிருஷ்ணப்பிரியா.

"ஐயோ, வேண்டாம்! மூணாம் தரப்பு தலையிட்டா ஒப்பந்தமே செத்துடும். நாளைக்கு மேடம் வர்றாங்க. ஒரு நாள் பொறுத்துக்கோ."

அவள் கேன் தண்ணீருக்குச் சொல்லிவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை சுலோசனா வந்தார். படியேறிய களைப்பில் முகம் கழுவப் போனார். குழாயைத் திருகினார். அது 'உஸ்' என்று நீளமாகப் பெருமூச்சு விட்டது.

"தற்காலிக முடக்கம், மேடம்," என்றார் ஹேமநாதன். "பேச்சுவார்த்தையில இது சகஜம்."

"சுவிட்ச் எங்க இருக்கு?"

எல்லோரும் கீழே இறங்கினார்கள். வரதன் தன் வாசற்படியில் லுங்கியோடு உட்கார்ந்து பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாமுண்டீஸ்வரி முதல் மாடித் திருப்பத்தில் நின்று அதே பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தார். இருவருமே விடியலிலிருந்து அங்கேதான்.

"அந்தம்மா எறங்கட்டும், நான் எழுந்திருக்கிறேன்."

"அவரு எழுந்திருக்கட்டும், நான் எறங்கறேன்."

"மோளம் வெச்சி கூப்புடணுமா?"

"ஆமா, மோளம்னா இன்னான்னு தெரியும் பாரு உனுக்கு!"

சுலோசனா கையைத் தூக்கினார். நாற்பது வருடம் மாநாடுகளில் தூக்கிப் பழகிய கை, இருவரும் அடங்கினார்கள். அவர் ஹேமநாதனிடம் திரும்பினார்.

"ஒப்பந்தத்துக்கு முன்னாடி தண்ணி ஏறிச்சா?"

"தினமும், மேடம். ஒரு நாள் தவறாம."

"யாரு போட்டாங்க?"

"அதுதான் மேடம் என் கட்டுரையோட மையம். இருவரும் மறைமுகமா, ஒருவர் அறியாம ஒருவர்..."

"அது உங்க ஊகம். 'நீங்க இல்லன்னா வேற யாரு'ன்னு இவங்களைக் கேட்டீங்களா?"

ஹேமநாதன் கட்டுரையை மனதுக்குள் புரட்டினார். மூன்று அத்தியாயம், எழுபது அடிக்குறிப்பு. அதை மட்டும் கேட்டிருக்கவில்லை.

"அம்மா, நீங்க சொல்லுங்க," என்றார் சுலோசனா.

சாமுண்டீஸ்வரி முந்தானையை உதறி இடுப்பில் செருகிக்கொண்டு சொன்னார்:

"எங்க ரெண்டு பேருக்கும் ஆவாதுன்னுதானே, 'காலைல மோட்டார் போட ஒத்துக்கிறவங்களுக்குத்தான் மேல் ஊடு'ன்னு புரோக்கர்கிட்ட சொல்லி வெச்சிகீறோம், சாரு வந்து ஒப்பந்தம் போடற வரைக்கும் அவங்க ஊட்டம்மாதான் டெய்லி எழுந்து போட்டு நிறுத்திகினு இருந்தாங்க."