நிழலைச் சுற்றிக் கட்டிய சிவப்பு நாடா

பரந்தன்.

பேரன்புக்குரிய விமலேஸ்வரி அக்கா அவர்கட்கு,

தம்பி யோகநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நானும் மகள் தேனுகாவும் நலம். வவுனியாவில் உங்கள் முழங்கால் நோவும் நீங்களும் ஒருவரையொருவர் அனுசரித்துப் போவீர்கள் என நம்புகிறேன். தொலைபேசியில் சொல்லியிருக்கலாம்; நீங்கள் பாதியிலேயே ஏசத் தொடங்குவீர்கள். கடிதமென்றால் முழுவதையும் வாசித்துவிட்டுத்தான் ஏசலாம்.

கட்டடக்கலை படித்து வந்த உங்கள் மருமகளுக்கு, சந்திக்குப் பின்னால் கிடக்கும் வெறுங்காணியில் சிறுவர் பூங்காவுக்குப் படம் வரையும் வேலை கிடைத்திருக்கிறது. பிளாஸ்டிக் சாமான் வேண்டாமாம். பழைய டயர், பனங்குத்தி, நிற்கிற மரத்தின் நிழல், இவைதான் பூங்காவாம். பழுதானால் ஊரிலேயே திருத்தலாமாம். நல்ல கதைதான். ஆனால் வரைய முதல் காணியைப் பார்த்துக்கொண்டு இருக்கவேணுமாம்: வெயில் எங்கே விழுகுது, மழைத்தண்ணி எங்கே தேங்குது, பிள்ளையள் எந்தப் பக்கத்தால வருகினம். ஓய்வுபெற்ற கணித ஆசிரியரான என்னைக் குடையும் கதிரையும் தந்து இருத்திவிட்டாள். "நீங்கள் ஒண்டும் செய்யவேண்டாம் அப்பா, சும்மா பாருங்கோ."

போன வியாழன், மருதமரத்தின்ர நிழல் மத்தியானம் எதுவரைக்கும் வருகுது எண்டு அறிய, அதைச் சுற்றித் தடி நட்டுச் சிவப்பு நாடா கட்டினாள். அக்கா, எங்கட ஊரில! மிதிவெடி கிளப்பின காலத்தில, வெடி கிடக்கிற இடத்தைச் சுற்றிக் கட்டின அந்தச் சிவப்பு நாடாவைப் பாத்துப் பாத்து வாழ்ந்த சனம். ஒரு தேத்தண்ணி ஆறுறதுக்குள்ள சந்தி முழுக்கக் கதை பரவிட்டுது. சைக்கிள்காரர் இறங்கி மற்றப் பக்கத்தால உருட்டிக்கொண்டு போகினம். மீன் விக்கிற மதலேனா ஓடி வந்தா. அவாவின்ர கிடாய் நாடாவுக்குள்ள நிண்டு புல்லுத் தின்னுது. "மாதாவே, என்ர கிடாய்!"

"அது நிழல் அன்ரி, வெறும் நிழல்!" எண்டு தேனுகா கத்துறாள்.

"ஐயோ, நிழலுக்குள்ளயோ புதைச்சிருக்கு?" எண்டு அவா அழுறா.

கிடாயை நானே பிடிச்சுக் காட்டுறன் எண்டு வீரமா எழும்பிப் போனனான். நாடாவுக்குக் கிட்டப் போனதும் கால் எழும்பேல்லை. அதைக் கட்டேக்க மற்ற நுனியைப் பிடிச்சவனே நான்தான். எண்டாலும் எழும்பேல்லை. உங்களுக்கு விளங்கும் அக்கா.

அந்த நேரம் பள்ளிக்கூடம் விட்டுது. நாடாவைக் கண்டவுடன ஒரு பெட்டைப் பிள்ளை "முடிவுக்கோடு!" எண்டு கத்த, முழுப் பட்டாளமும் நெஞ்சால நாடாவை அறுத்துக்கொண்டு உள்ள பாய்ஞ்சுது. மதலேனா கண்ணைப் பொத்தினா. நான் "ஐயோ" எண்டன். ஒண்டும் நடக்கேல்லை. கிடாய் மட்டும் ஓடினது. பிள்ளையள் அறுந்த துண்டுகளைத் தலையில கட்டிக்கொண்டு, திரும்ப ஓட இன்னும் நாடா இருக்கோ எண்டு கேட்டுதுகள். தேனுகா அழப்போறாள் எண்டு பாத்தா, அவள் சிரிச்சுக்கொண்டு அதுகள் ஓடின பாதையைக் கொப்பியில கீறுறாள். "அப்பா, இப்பத்தான் எனக்குப் பூங்கா தெரியுது!"

அதுக்குப் பிறகுதான் நான் உள்ள கால் வைச்சன். அந்தச் சந்தோஷம் தலைக்கேறி, ஊஞ்சலுக்குச் சரிவருமோ எண்டு தேனுகா மரத்தில கட்டித் தொங்கவிட்டிருந்த டயருக்குள்ள, "பாரம் தாங்குதோ பாப்பம்" எண்டு இருந்தும் விட்டன். டயர் தாங்கினது. ஆனா என்னை விடேல்லை. டயர்க்கடைத் தயாபரன் ஒரு கையையும் மதலேனா மற்றக் கையையும் பிடிச்சு இழுக்க, பிள்ளையள் கட்சி பிரிஞ்சு கைதட்டுதுகள். தயாபரன் என்னட்டப் படிச்சவன். "சேர், வயித்தை உள்ள எடுங்கோ! இன்னும், இன்னும்!" எண்டு எனக்கே கட்டளை போடுறான். வெளியில வந்து விழுந்து, சந்தியே சிரிக்க, நானும் சிரிச்சன். எவ்வளவு காலத்துக்குப் பிறகு அப்படிச் சிரிச்சனோ தெரியாது.

நேற்றுத் தேனுகாவின் படம் பிரதேச சபையில் ஏற்றுக்கொள்ளப்பட்டது. பிள்ளைகள் ஓடிய பாதையே பூங்காவின் பாதை. மரம் அப்படியே நிற்கும்.

இத்துடன் என் பூங்கா ஆராய்ச்சி முற்றுப்பெற்றது. இனிமேல் எந்தக் காணிக்கும் போவதில்லை, வீட்டிலிருந்து பேப்பர் வாசிப்பதே என் தொழில் என உறுதி பூண்டுவிட்டேன். அத்தானுக்கு வணக்கம். பிள்ளையார் உங்கள் இருவருக்கும் ஒரு குறையும் வைக்காமல் காக்கட்டும்.

என்றும் உங்கள் சொல் கேட்கும் தம்பி,
யோகநாதன்.

பி.கு: துணுக்காயிலும் ஒரு வெறுங்காணி இருக்காம். பிள்ளை நாளைக்குப் போவம் எண்டவள். நான்தான் இண்டைக்கே வெளிக்கிடு எண்டு கத்திக்கொண்டு நிக்கிறன். உறுதி பூண்ட பந்தியை மட்டும் வாசிக்காமல் விடுங்கோ.