லென்ஸ் அண்ணாச்சியும் ஒரு கூட்டல் குறியும்

கோவில்பட்டியில் லென்ஸ் அண்ணாச்சி சந்தேகப்படாத ஆள் ஒருவரைக் காட்டுங்கள், ஒரு கிலோ கடலைமிட்டாய் என் செலவு. ரயில்வே ஸ்டேஷன் கடிகாரத்தை நம்பாமல் தன் கைக்கடிகாரத்தைப் பார்ப்பார். அதை நம்பாமல் போனைப் பார்ப்பார். போனையும் நம்பாமல் என்னிடம் மணி கேட்பார். நான் சொன்னதும் "அப்படியா" என்று ஓர் இழுவை இழுப்பார். அந்த இழுவையில் எனக்கே என் மேல் சந்தேகம் வந்துவிடும்.

ஸ்டேஷனுக்குப் போகிற வழியில் இருந்த ஓர் அச்சகத்தில் அவர் டிசைனர். நான் பக்கத்து நாற்காலி. தீப்பெட்டி லேபிள், கல்யாணப் பத்திரிகை, கோயில் கொடைத் திருவிழா நோட்டீஸ் எல்லாம் எங்கள் இரண்டு கம்ப்யூட்டர் வழியாகத்தான் போகும். லேபிளில் மை சரியாக விழுந்திருக்கிறதா என்று பார்க்கும் பூதக்கண்ணாடியை அவர் கயிறு கட்டிக் கழுத்தில் போட்டுக்கொண்டார். அது லேபிளோடு நிற்கவில்லை. கடம்பூர் போளியைப் பிட்டு அதற்குள்ளும் வைத்துப் பார்ப்பார்.

"பூரணம் ஒரு பக்கமா ஒதுங்கியிருக்கு தங்கச்சி. என்னமோ நடந்திருக்கு."

டீ குடிக்கப் போகும்போது மவுஸைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு போவார். ஒயர் வெளியே தொங்கும். டீக்கடைக்காரருக்கு அது பழகிவிட்டது.

நான் வேலைக்குச் சேர்ந்தபோது அண்ணாச்சி ஒவ்வொரு வரியையும் தனித்தனியாக வடிவமைத்துக்கொண்டிருந்தார். நோட்டீஸில் நாற்பது பெயர் இருந்தால் நாற்பது தடவை எழுத்துரு, நாற்பது தடவை அளவு, நாற்பது தடவை நிறம். பார்க்கப் பாவமாக இருந்தது. டிசைன் சாஃப்ட்வேரில் ஸ்டைல் என்று ஒன்று உண்டு என்றேன். எழுத்து எப்படி இருக்க வேண்டும் என்று ஒருமுறை அதில் சொல்லி, பெயர்களை அதோடு கட்டிவிட்டால் போதும். ஸ்டைலை மாற்றினால் நாற்பது பெயரும் ஒரே நொடியில் தானாக மாறும். செய்தும் காட்டினேன்.

அண்ணாச்சி நாற்காலியைப் பின்னால் தள்ளினார்.

"தானா மாறுதுன்னா, எவன் மாத்துதான்?"

"சாஃப்ட்வேர் மாத்துது அண்ணாச்சி."

"நாம பாக்கையில நாப்பது பேர மாத்துது. பாக்காதப்ப என்னத்த மாத்துதோ?"

ஒரு மாதம் அந்தப் பக்கமே அவர் திரும்பவில்லை. ஒருநாள் என் திரையில் ஸ்டைல் பெயருக்குப் பக்கத்தில் சின்னதாக ஒரு கூட்டல் குறி நிற்பதைப் பார்த்துவிட்டார். லென்ஸை எடுத்துத் திரையில் வைத்தார்.

"இது என்னது?"

"ஸ்டைலுக்கு மாறா யாராவது கையால எதையும் மாத்தியிருந்தா, அந்த எழுத்துல போய் நின்னதும் இது வந்துரும்."

"காட்டிக் கொடுக்குதுன்னு சொல்லு."

அவ்வளவுதான். ஊரில் யாரையும் நம்பாத மனிதர் அந்தக் கூட்டல் குறியை நம்பிவிட்டார். மறுநாளே எல்லாக் கோப்புக்கும் ஸ்டைல் போட்டார். தலைப்பு, பெயர், முகவரி என்று வைத்தால் எவனும் கண்டுபிடித்துவிடுவானாம். அதனால் அவர் வைத்த பெயர்கள் இவை: 'பாதி நம்பலாம்', 'பாத்துக்கிடணும்', 'நம்பவே கூடாது'. கல்யாணப் பத்திரிகைகளில் மாப்பிள்ளைகள் எல்லாரும் 'பாத்துக்கிடணும்'. தாய்மாமன்மார் 'நம்பவே கூடாது'. பட்டியலின் அடியில் 'நம்பலாம்' என்றும் ஒன்று இருந்தது. அதை அவர் எந்தப் பெயருக்கும் போட்டு நான் பார்க்கவில்லை.

"இது யாருக்கு அண்ணாச்சி?"

"ஆளு வரட்டும்."

அந்த வருஷம் நாகலாபுரம் பக்கத்துக் கிராமம் ஒன்றிலிருந்து அம்மன் கோயில் கொடை நோட்டீஸ் வந்தது. போன தடவை கிழக்குத்தெருப் பங்காளிகள் பெயரை விட மேலத்தெருப் பங்காளிகள் பெயர் கொஞ்சம் பெரிதாக விழுந்துவிட, கைகலப்பாகி நாலு வருஷம் கொடையே நின்றுபோயிருந்தது. இப்போது எல்லாப் பெயரும் ஒரே அளவு என்று பேசி முடித்திருந்தார்கள். ஒரு நூல் பிசகினாலும் மறுபடியும் கொடை கிடையாது.

டிசைன் முடிந்ததும் இரு தரப்பும் வந்து பார்த்துச் சரி சொன்ன பிறகுதான் அச்சுக்குப் போக வேண்டும். அவர்கள் வருவதற்கு முதல் நாள் சாயங்காலம் அண்ணாச்சி மவுஸோடு டீக்குப் போயிருந்தபோது கிழக்குத்தெருக்காரர் ஒருவர் தனியாக வந்தார். தோளில் துண்டு, கண்ணில் தண்ணீர்.

"தாயி, எங்கய்யா பேர மட்டும் ஒரு நூல் பெருசா வையி. இந்தக் கொடையப் பாக்கணும்னு ஏங்கியே போயிட்டாரு. வேற யாருக்குத் தெரியப் போவுது?"

எனக்கும் அப்பா இல்லை. மனசு இளகிவிட்டது. என் கம்ப்யூட்டரில் கோப்பைத் திறந்து, 'தெய்வத்திரு'வுக்கு அடுத்திருந்த அவர் அப்பா பெயரின் எழுத்தளவை அரைப் புள்ளி ஏற்றினேன். வெறும் கண்ணுக்குத் தெரியாது. கூட்டல் குறியை மறந்தே போனேன்.

மறுநாள் இரு தரப்பும் அச்சகத்து பெஞ்சில் ஆளுக்கொரு கோடியில் உட்கார்ந்திருந்தார்கள். அண்ணாச்சி கடைசியாக ஒவ்வொரு பெயராகச் சொடுக்கி, லென்ஸை வைத்துப் பார்த்துக்கொண்டே வந்தார். தெய்வத்திருவில் நின்றார். அப்போதுதான் எனக்குக் கூட்டல் குறி ஞாபகம் வந்தது. அவர் வாயைத் திறந்தால் கொடை போச்சு. என் வேலையும் போச்சு.

"என்ன அண்ணாச்சி, எதும் தப்பா?" என்றார் மேலத்தெருப் பெரியவர்.

அண்ணாச்சி என்னைப் பார்க்கவில்லை. லென்ஸைச் சட்டை நுனியில் துடைத்தார்.

"தூசி. சரியா பாத்துக்கிடுதேன்."

ஒரு சொடுக்கு. பெயர் பழைய அளவுக்கு வந்து, கூட்டல் குறி போய்விட்டது. பிரிண்ட் எடுத்து, ஸ்கேலையும் லென்ஸையும் அவர்கள் கையிலேயே கொடுத்தார். அரைமணி நேரம் அளந்தார்கள். கிழக்குத்தெருக்காரர் அளந்துவிட்டுத் தலையைக் குனிந்துகொண்டார். கொடை நன்றாகவே நடந்தது.

அண்ணாச்சி அதைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. நான்தான் பொறுக்க முடியாமல் மூன்றாம் நாள் சொன்னேன்.

"அது நான்தான் அண்ணாச்சி. அவிய அப்பாவச் சொல்லி அழுதாவ. எனக்கும் அப்பா இல்ல, அதான்."

"தெரியும். அன்னைக்கே தெரியும்."

"பெறகு ஏன் கேக்கல?"

"கேட்டா பயத்துல நீ இல்லம்ப. பெறகு உன்ன நான் எந்த ஸ்டைல்ல வைக்க?"

சொல்லிவிட்டு மவுஸைப் பிடுங்கிக்கொண்டு டீக்குப் போய்விட்டார்.

இரண்டு வருஷம் கழித்து என் கல்யாணம். பத்திரிகையை நானே செய்துகொள்கிறேன் என்றேன். "உன் கல்யாணத்துல உனக்கு என்ன வேல" என்று அவரே செய்தார். மண்டபத்தின் பெயரில் ஒரு திருத்தம் வந்தது. அவர் டீக்குப் போயிருந்த நேரம் நான் கோப்பைத் திறந்தேன். மாப்பிள்ளை பெயரில் சொடுக்கினேன். 'பாத்துக்கிடணும்'. கல்யாணமான இந்த ஆறு வருஷமாகப் பார்த்துக்கொண்டுதான் இருக்கிறேன். இதுவரை குறை ஒன்றும் இல்லை. என் பெயரில் சொடுக்கினேன். 'நம்பலாம்'. முதல் முதலாக அந்த ஸ்டைலுக்கு ஆள் வந்திருந்தது.

அதற்குக் கீழே, 'தெய்வத்திரு' என்று போட்டு, என் அப்பாவின் பெயர். அதுவும் 'நம்பலாம்'தான். அப்பாவை அண்ணாச்சி பார்த்ததுகூட இல்லை. பக்கத்தில் ஒரு கூட்டல் குறி நின்றது. அளவைப் பார்த்தேன். அரைப் புள்ளி கூடுதல்.

அழுகை வந்துவிட்டது. மண்டபத்தின் பெயரை மட்டும் திருத்திவிட்டு, அந்தக் கூட்டல் குறியைத் தொடாமல் கோப்பை மூடினேன்.