சிசிடிவி அண்ணன் கலந்துகொண்ட மாநாடு

கிள்ளானிலிருந்து கோலாலம்பூர் வரை சிசிடிவி அண்ணன் சந்தேகப்படாத ஆள் ஒருவர்கூட இல்லை. போக்குவரத்து விளக்கு பச்சைக்கு மாறினால், "என்ன இவ்ளோ சீக்கிரம் மாறுது?" என்று யோசித்துவிட்டுத்தான் வேனை எடுப்பார். பின்னால் நிற்கும் கார்கள் ஹாரன் அடிக்கும். அவர்கள் ஏன் அவசரப்படுகிறார்கள் என்று அடுத்த சந்தேகம் கிளம்பும்.

எங்களைக் கல்லூரிக்கு ஏற்றிச் செல்லும் வேனுக்கு அவர்தான் ஓட்டுநர். அவருடைய உண்மையான பெயர் யாருக்கும் தெரியாது. துணிந்து கேட்ட ஒருத்தியிடம், "என் பேரு உனக்கு எதுக்கு?" என்று அவர் திருப்பிக் கேட்ட அன்றே சிசிடிவி என்று பெயர் வைத்துவிட்டோம்.

தினமும் மாலையில் எங்கள் அம்மாக்களுக்கு வாட்ஸ்அப்பில் அவருடைய குரல் செய்தி போய்விடும். "அக்கா, உங்க பொண்ணு இன்னிக்கு ரெண்டு நாசி லெமாக் வாங்குச்சு. ரெண்டாவது யாருக்குன்னு கேட்டா, பசிக்குதுன்னு சொல்லுது. பார்த்துக்குங்க லா." அந்த இரண்டாவது சோற்றுப் பொட்டலத்தையும் நான்தான் தின்றேன். அதை அம்மாவிடம் நிரூபிக்க எனக்கு ஒரு வாரம் ஆனது.

இப்படிப்பட்டவரோடுதான் நான் மாநாட்டுக்குப் போக வேண்டியிருந்தது. பல கல்லூரிகளிலிருந்து நன்றாகப் படிக்கும் மாணவர்களைத் தேர்ந்தெடுத்து, அவரவர் செய்த ஆய்வை மேடையில் படிக்கச் சொல்லும் மாநாடு அது. அங்கே தேறினால் பினாங்கில் நடக்கும் இரண்டு நாள் மாநாட்டுக்குப் போகலாம். எனக்குப் பினாங்கு போயே ஆக வேண்டும். அதுவரை கிள்ளானைத் தாண்டி ஓர் இரவுகூட நான் தங்கியதில்லை.

என் ஆய்வு எங்கள் வட்டாரத்துப் பேருந்து நிறுத்தத்தைப் பற்றியது. நிழற்குடை காலியாகக் கிடக்க, சனங்கள் ஏன் பக்கத்து மரத்தடியில் போய் நிற்கிறார்கள் என்பதுதான் கேள்வி.

"இதையெல்லாமா படிக்கிறீங்க?" என்றார் அம்மா. பிறகு விவரம் கேட்டார். "சனிக்கிழமையா? ஹோட்டல்லயா? வேன்காரத் தம்பி கூட்டிட்டுப் போகட்டும். அவரு சரின்னு சொன்னா பினாங்கு. இல்லன்னா அதோட முடிஞ்சுது."

என் தலையெழுத்து அவர் கையில் போய்ச் சேர்ந்தது.

சனிக்கிழமை காலை கூட்டரசு நெடுஞ்சாலையில் ஏறியதுமே விசாரணை ஆரம்பித்தது.

"கழுத்துல மாட்ட டேக் குடுப்பாங்களா?"

"குடுப்பாங்க அண்ணே."

"மத்தியானச் சாப்பாடு ஃப்ரீயா?"

"ஆமா."

"வெளியூர்லேர்ந்து கோட்டு போட்ட ஆளு வந்து பேசுவானா?"

"சிங்கப்பூர்லேர்ந்து ஒரு புரொஃபசர் வராரு."

"முடிஞ்சுது லா. எம்.எல்.எம். ஆள் சேர்த்து சாமான் விக்கிற கும்பல்."

அவரையும் குறை சொல்ல முடியாது. சில வருடங்களுக்கு முன் பிரிக்பீல்ட்ஸ் பக்கம் ஒரு ஹோட்டல் கூட்டத்துக்குப் போயிருக்கிறார். கழுத்தில் டேக் மாட்டி, இலவசக் கோழி தின்று, எல்லோரோடும் எழுந்து நின்று கைதட்டியிருக்கிறார். திரும்பும்போது தண்ணீர் வடிகட்டி இரண்டு பெட்டி கூடவே வந்துவிட்டது. சீந்த ஆளில்லாமல் அவை இன்னும் வேனின் கடைசி இருக்கைக்கு முன்னால் கிடந்தன. நாங்கள் அவற்றின் மேல்தான் கால் வைத்துக்கொள்வோம்.

ஹோட்டலில் இறங்கியதும் அவர் வேனிலேயே இருப்பார் என்று நினைத்தேன். என் பின்னாலேயே வந்தார். பதிவு மேசையில் இருந்த பெண் எதுவும் கேட்காமல் அவருக்கும் ஓர் அட்டையைக் கொடுத்தாள். 'பார்வையாளர்' என்று அதில் போட்டிருந்தது. அவருக்கென்றே அச்சடித்த மாதிரி இருந்தது எனக்கு.

கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தார். ஒவ்வொருவரும் பேசி முடித்ததும் அரங்கமே கைதட்டியது, அவர் மட்டும் தட்டவில்லை. தட்டினால் ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும் என்று வேனிலேயே என்னை எச்சரித்திருந்தார்.

என் முறை வந்தது. மனப்பாடம் செய்ததைப் பத்து நிமிடம் தங்குதடையில்லாமல் ஒப்பித்தேன். கைதட்டல் ஓய்ந்ததும், நடுவராக இருந்த மலாய்ப் பேராசிரியை, "கேள்விகள் உண்டா?" என்றார். கடைசி வரிசையிலிருந்து ஒரே ஒரு கை உயர்ந்தது.

அண்ணன் தன் கடைத்தெருப் பாசார் மலாயில் கேட்டதை இங்கே தமிழில் தருகிறேன். "எல்லாம் நல்லாத்தான் பேசுறீங்க. கடைசியா என்ன விக்கப் போறீங்க?"

அரங்கம் சிரித்தது. பேராசிரியை சிரிக்கவில்லை. "நல்ல கேள்வி. இந்த ஆய்வை வைத்துக்கொண்டு என்ன செய்யப் போகிறாய்? சொல்," என்று என்னைப் பார்த்தார். மனப்பாடத்தில் அதற்குப் பதில் இல்லை. அடுத்த நிழற்குடையைச் சனங்கள் நிற்கும் இடத்திலேயே கட்டும்படி நகராண்மைக் கழகத்திடம் கேட்கலாம் என்று தட்டுத்தடுமாறிச் சொன்னேன்.

அண்ணன் உட்காரவில்லை. "இன்னொன்னு. தினமும் காலையில ஏழு மணிக்கு நீ என் வேன்ல இருந்த. சாயங்காலம் அஞ்சரைக்கும் என் வேன்லதான் இருந்த. நானே ஏத்தி நானே இறக்கி விட்டேன். வேலைக்குப் போற ஜனம் பஸ்ஸுக்கு நிக்கிற நேரத்துல நீ அங்க இல்லவே இல்லையே? எப்ப பார்த்த?"

இப்போது யாரும் சிரிக்கவில்லை. நான் பார்த்ததெல்லாம் நான்கு சனிக்கிழமைகள், அதுவும் உச்சி வெயில் நேரத்தில். தோழிகள் பார்த்துச் சொன்னார்கள் என்று புளுகியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துவிட்டது. கடைசி வரிசையில் அந்த இரண்டு கண்கள் என்னையே பார்த்துக்கொண்டிருந்தன.

"சனிக்கிழமை மத்தியானம் மட்டும்தான் பார்த்தேன். காலையில எப்படின்னு எனக்குத் தெரியாது," என்றேன்.

பள்ளியிலும் கல்லூரியிலும் எத்தனையோ மேடை ஏறியிருக்கிறேன். 'தெரியாது' என்று ஒரு மேடையில் சொன்னது அதுதான் முதல் தடவை. உயிரும் போகவில்லை, ஒன்றும் போகவில்லை. பேராசிரியை ஏதோ குறித்துக்கொண்டு, "காலையையும் பார்த்து முடித்துவிட்டுப் பினாங்குக்கு வா," என்றார்.

சந்தோஷப்பட முடியவில்லை. தீர்ப்பு சொல்ல வேண்டியவர் வேனை ஓட்டிக்கொண்டிருந்தார். பாதி வழியில் அம்மாவின் அழைப்பு வந்தது. ஸ்பீக்கரில் போட்டார்.

"தம்பி, எப்படி?"

"சந்தேகமா இருக்குக்கா."

போச்சு என்று கண்ணை மூடிக்கொண்டேன்.

"காலையிலேர்ந்து உட்கார்ந்து பார்த்துட்டேன். யாரும் எதுவும் விக்கல. ஒருத்தரையும் மெம்பரா சேர்க்கல. சாப்பாடும் நல்லா இருந்துச்சு. இவ்ளோ பேரு சும்மா கேள்வி கேக்குறதுக்கா கூடுவாங்க? அதான் எனக்குப் புரியல."

"பொண்ணு?"

அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். "பொண்ணு பொய் சொல்லலக்கா. சொல்றதுக்கு சான்ஸ் இருந்துச்சு. சொல்லல."

அம்மா அடுத்ததுக்கு வந்தார். "அப்ப பினாங்கு?"

"போகட்டும். ஆனா நானும் உள்ள போவேன்."

மறுவாரம் தினமும் அரை மணி நேரம் முன்னதாகவே என்னை ஏற்றிக்கொண்டு போய், அந்தப் பேருந்து நிறுத்தத்துக்கு எதிரே வேனை நிறுத்தினார். நான் ஆட்களை எண்ணினேன். என் கணக்கில் நம்பிக்கை இல்லாமல் அவரும் தனியாக எண்ணினார். காலையில் நிழற்குடை நிரம்பி வழிந்தது. என் ஆய்வின் பாதியைக் கிழித்துப்போட்டு மறுபடி எழுதினேன். அதைத்தான் பினாங்கில் படித்தேன், கடைசி வரிசையில் அவர் கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்க.

கல்லூரி முடிந்து அந்த வேனை விட்டு இறங்கிய பிறகு எத்தனையோ மாநாடுகளில் பேசிவிட்டேன். எழுந்து நின்றதும் கண் தானாகக் கடைசி வரிசைக்குத்தான் போகிறது. எல்லோரும் என்னை நம்பித் தலையாட்டிக்கொண்டிருக்கிறார்கள். நம்பாமல் பார்க்க அவர் அங்கே இல்லையே என்று எனக்கு அழுகை வருகிறது.