ஐஸ் பெட்டியும் புரிந்துகொண்டவரும்

நாடகம் பார்க்க வருகிறவர்களில் 'புரிந்துகொண்டவர்' என்று ஓர் இனம் உண்டு. நாமெல்லாம் நாடகம் முடிந்த பிறகும் திருதிருவென்று விழிப்போம். இவருக்கோ திரை விலகுமுன்பே புரிந்துவிடும். யாரும் யாருக்கும் பதில் சொல்லாத அபத்த நாடகம் என்றால் இன்னும் சீக்கிரம். முன்வரிசையில் உட்கார்ந்து, மோவாயைத் தடவி, பிறர் சிரிக்காத இடத்தில் தனியாகச் சிரித்து, மூன்று மாதம் படித்த பிரெஞ்சில் 'வுய், வுய்' என்று ஆமாம் போட்டு, பக்கத்து இருக்கைக்காரரின் பிராணனை வாங்குவார். அவர் பாவம், எங்கே எழுந்து போவார்?

சாரம் பகுதியில் குடியிருக்கும் இராமதாஸ் இவ்வினத்தில் முதல் ரகம். ஓய்வுபெற்ற மறுமாதமே அவருக்கு நாடகம் புரியத் தொடங்கிவிட்டது. அன்று மனைவி அமிர்தவல்லியையும் இழுத்து வந்திருந்தார். மேடையில் ஒரு கிழவர், ஒரு கிழவி, பிணம் வைக்கும் கண்ணாடி ஐஸ் பெட்டி. சாவதற்கு முன்பே அளவு சரியா என்று இருவரும் மாறிமாறிப் படுத்துப் பார்க்கிறார்கள். கிழவராக நடித்த தெய்வசிகாமணி மில்லில் வேலை பார்த்தவர், நிஜமாகவே எழுபத்தாறு வயது.

அவர் படுத்தார். கிழவியாக நடித்த கன்னியம்மாள் மூடியைச் சாத்தினாள். கொக்கி இறுகிக்கொண்டது. இழுத்தாள், வரவில்லை. உள்ளேயிருந்து கண்ணாடியைத் தட்டும் சத்தம்.

சபை சிரித்தது.

"ஐயோ, நெஜமாவே மாட்டிக்கிச்சி! யாராச்சும் வந்து தொறங்களேன்!" என்று கன்னியம்மாள் கத்தினாள்.

"பாத்தியா, 'நெஜமாவே'ங்கறா. எது நெஜம்? அதான் கேள்வியே," என்றார் இராமதாஸ்.

"ஏங்க, கண்ணாடியில ஆவி படியுது. அந்தாளு மூச்சு வுட முடியாம கெடக்கறாரு."

"மனுசனோட மூச்சுமுட்டல்தான் நாடகமே. உக்காரு, மானத்த வாங்காத."

அமிர்தவல்லி உட்காரவில்லை. மேடையேறி, செருப்பைக் கழற்றிக் கொக்கியில் நாலு போடு போட்டாள். இராமதாஸுக்கு வெட்கத்தில் வேர்த்துவிட்டது. மூடி திறந்ததும் கைதட்டல் கூரையைப் பிளந்தது. உடனே நிமிர்ந்து உட்கார்ந்து, "என் சம்சாரம்," என்று பின்வரிசைக்கு அறிவித்தார்.

பிறகு கலந்துரையாடல். முதல் மைக் இவருக்குத்தானே? "பார்வையாளரையே பாத்திரமாக்கிய அந்தச் செருப்புக் காட்சி..." என்று தொடங்கினார்.

"யோவ், இன்னும் ரெண்டு நிமிசம் போயிருந்தா செத்திருப்பேன்யா!" என்றார் தெய்வசிகாமணி.

"அற்புதம்! பாத்திரத்த வுட்டு இன்னும் வெளிய வரல பாருங்க!"

மறுபடி கைதட்டல். அமிர்தவல்லி மட்டும் அந்த மனிதருக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள். அந்த அம்மாள் நன்றாக இருக்க வேண்டும்.

இராமதாஸை நினைத்துச் சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். ஆனால் சற்றுமுன் தெய்வசிகாமணி கண்ணாடியைத் தட்டினாரே, அப்போது உங்கள் கை எங்கே போனது? செருப்புக்கா, சிரிப்பை மறைக்க வாய்க்கா?