பாரில் வைத்த பத்திரிகை

கல்யாணத்துக்கு ஒருவரைக் கூப்பிடுவது சுலபம். கூப்பிட்ட பிறகு வாயை மூடிக்கொண்டு வருவதுதான் கஷ்டம். எனக்கு இரண்டுமே வராது என்பது அக்கா கல்யாணத்தில்தான் ஊருக்குத் தெரிந்தது.

பத்திரிகை அச்சாகி வந்த ஞாயிற்றுக்கிழமை, ரொம்ப விவரமானவன் என்ற நினைப்பில், சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் வாட்ஸ்அப்பில் அனுப்பித் தள்ளினேன். அந்த எல்லாரில் தாய்மாமனும் இருந்தார். பத்தே நிமிடத்தில் அவரிடமிருந்து பதில் வந்தது. "கல்யாணத்துக்கு நானும் போன்லயே வந்துக்கறேன்."

அம்மா தலையில் கை வைத்து உட்கார்ந்துவிட்டாள். "தாய்மாமனுக்கு எவனாச்சும் போன்ல பத்திரிக வெப்பானாடா? என் தம்பி வரலன்னா உங்கக்காவ கையப் புடிச்சி மணவறைக்கு யாரு இட்டுக்கினு வருவாங்க? போ, தட்டுல வெச்சி நேர்ல குடு. நாலரைக்கு ராகு காலம். அதுக்குள்ள குடுத்துடணும்." சொன்னவள் மதியச் சோற்றைத் தொடவில்லை.

தியாகதுருகத்தில் பஸ் ஏறினேன். மடியில் கட்டைப்பை, பைக்குள் தட்டு, பத்திரிகை, வெற்றிலை பாக்கு, குங்குமம், பூ, வாழைப்பழம், ஆறு சாத்துக்குடி. (பஸ் ஆடிய ஆட்டத்தில் அதில் ஒன்று டிரைவர் சீட்டு வரை உருண்டு போய்த் திரும்பி வந்தது.) கள்ளக்குறிச்சியில் மாமா வீட்டுக்கு ஓட்டமும் நடையுமாகப் போய்ச் சேர்ந்தால், வாசலில் அத்தை மட்டும் நிற்கிறார்.

"கோச்சிக்கினு போயிட்டாரு. தெருக்கோடி பார்ல குந்திக்கினு இருப்பாரு."

"நீங்களே வாங்கிக்கோங்க அத்தை."

"எதுக்கு? எம்மேல பாயறதுக்கா? நீயே போயி குடு."

மணி நாலு.

பார் வாசலில் எல்லாவற்றையும் தட்டில் அடுக்கிக் கையில் ஏந்தினேன். உடனே கால் தானாகச் செருப்பைக் கழற்றிவிட்டது. பழக்கதோஷம்! உள்ளே ஒரு அடி வைத்ததும் தரையின் ஈரம் உள்ளங்காலில் ஏறியது. அது என்ன ஈரம் என்று யோசிக்க நேரமில்லை.

தட்டும் வெறுங்காலுமாக நின்ற என்னைப் பாரே திரும்பிப் பார்த்தது. ஒருவர் பீடியை அணைத்தார். முதல் மேசையில் இருந்த பெரிய மீசைக்காரர் தள்ளாடி எழுந்து, குங்குமத்தைத் தொட்டு நெற்றியில் இட்டு, கன்னத்தில் போட்டுக்கொண்டார். "எந்தக் கோயிலுங்க சாமி?" என்றார். பக்கத்தில் இருந்தவர் அதற்குள் ஒரு சாத்துக்குடியை உரித்துவிட்டு, "சைடு டிஷ்ஷு இது மட்டுந்தானா? சுண்டல் இல்லியா?" என்று கேட்டார்.

மூலையில் மூன்று கூட்டாளிகளோடு இருந்த மாமா, என்னைக் கண்டதும் முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். போன் அடித்தது. அம்மா.

"குடுத்துட்டியா?"

"குடுத்துக்கினே இருக்கேன்."

"இன்னாடா அங்க இவ்ளோ சத்தம்?"

"டி.வி. ஓடுதும்மா."

நாலு இருபத்தைந்து. "மாமா, தப்புதான். வாங்கிக்கோங்க மாமா" என்று தட்டை நீட்டினேன்.

மாமா சுவரைப் பார்த்தே பேசினார். "என்ன மட்டும் கூப்புட்டுட்டு, கூட குந்திக்கினு இருக்கறவங்கள உட்டுட்டா, நாளிக்கி இவங்க மூஞ்சில நான் எப்டிடா முழிப்பேன்? மொற தெரியாதா உனுக்கு?"

முறைதான். ஒருவரைக் கூப்பிடும்போது பக்கத்தில் இருப்பவரையும் கூப்பிட வேண்டும். மாமா சொன்னது அந்த மூன்று பேரைத்தான். நானோ பதற்றத்தில் பார் முழுக்கத் திரும்பி நின்று, தொண்டை கிழிய, "எல்லாரும் அவசியம் குடும்பத்தோட வந்துடணும்!" என்று கத்திவிட்டேன்.

"மண்டபம் எங்க தம்பி?" என்றது ஒரு குரல். "பஸ்ஸு போவுமா?" என்றது இன்னொன்று. மூளை வேலை செய்யாத நேரத்தில் என் வாய் நன்றாக வேலை செய்தது. எந்த பஸ், எங்கே இறங்க வேண்டும், முகூர்த்தம் எத்தனை மணிக்கு, எல்லாவற்றையும் விலாவாரியாகச் சொன்னேன்.

மாமா எழுந்து, லுங்கியில் கையைத் துடைத்துக்கொண்டு, தட்டை இரண்டு கையாலும் வாங்கினார். "இப்ப வெச்ச பாரு, இதான்டா பத்திரிக" என்றார். அப்படியே காலில் விழுந்தேன். பாரே கை தட்டியது. வெளியே வந்தபோது செருப்பு விட்ட இடத்திலேயே இருந்தது. (கோயில் வாசலில் இரண்டு முறை தொலைத்திருக்கிறேன்.)

கல்யாணத்தன்று முதல் ஆளாக மாமா வந்தார். அம்மா முகத்தில் அன்றைக்குத்தான் சிரிப்பைப் பார்த்தேன். மாமாவுக்குப் பின்னால் இரண்டு வேன்கள் வந்து நின்றன. வெள்ளை வேட்டி, விபூதி, மனைவி, மக்கள் என்று பார் மொத்தமும் இறங்கியது.

வாசலில் பன்னீர் தெளித்துக்கொண்டிருந்த அப்பா குழம்பிப் போனார். "வாங்க வாங்க, மாப்ள வூட்டு வழிங்களா?"

"இல்லிங்க" என்றார் மீசைக்காரர்.

"அப்ப பொண்ணு வூட்டு வழியா?"

"நாங்க பார் வழிங்க. தம்பி தட்டோட வந்து கூப்புட்டாரு. எங்களுக்கெல்லாம் யாருங்க அப்டி வந்து பத்திரிக வெச்சிருக்காங்க?"

பக்கத்தில் மாப்பிள்ளையின் அப்பா நின்றுகொண்டிருந்தார். நான் சமையற்கட்டுக்குள் ஓடியவன், பந்தி முடிகிற வரைக்கும் வெளியே தலை காட்டவில்லை.

போன மாதம் என் மகளுக்குக் காது குத்து. பத்திரிகைக் கட்டை மடியில் வைத்துக்கொண்டு, யாருக்கு முதலில் வைப்பது என்று என் மனைவி கேட்டாள். அம்மா யோசிக்கவே இல்லை.

"மொதப் பத்திரிக கொலதெய்வத்துக்கு. ரெண்டாவது பாருக்கு."