ஒரு வடை வித்தியாசம்

சின்னபொண்ணு தன் அபிப்பிராயத்தைத் திரும்ப வாங்கிக்கொள்ள வந்திருந்தாள்.

"தம்பி, அன்னிக்கி வடை நல்லாருக்குன்னு சொன்னேன் இல்ல? அத்த அடிச்சிடு. ராவெல்லாம் வயிறு ஒரே பேஜாரு."

ஞானராஜ் கருத்துக் குறித்த நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டான். ஒரு வனஸ்பதி கம்பெனியின் விழுப்புரம் ஆபீசில் அவன் தற்காலிக ஊழியன். வனஸ்பதியில் சுட்ட வடையைக் கொடுத்து விழுப்புரத்தில் நூறு பேரிடமும் திண்டிவனத்தில் நூறு பேரிடமும் கருத்துக் கேட்டிருந்தான். விழுப்புரத்தில் அறுபத்திரண்டு பேருக்குப் பிடித்தது. திண்டிவனத்தில் நாற்பத்தெட்டு பேருக்குத்தான். இரண்டு ஊரின் ருசியும் வேறுதான் என்று கணக்கு ஒப்புக்கொண்டால் ஊருக்கு ஓர் ஏஜெண்ட், திண்டிவனம் அவனுக்கு. அங்கேதான் நிறைமாதமாக மனைவி இருதயசெல்வி இருந்தாள். வித்தியாசம் இல்லையென்றால் ஒரே ஏஜெண்ட். அது மேனேஜருடைய மச்சான்.

"ஒரு ஆளுதானேம்மா, இருந்துட்டுப் போவட்டுமே."

"பொய் சொன்ன பாவம் எனக்கு வாணாம். நீ அடி, நான் பாக்கறேன்."

அடித்தான். அறுபத்திரண்டு அறுபத்தொன்றாயிற்று.

மேனேஜர் அரங்கநாதன் மறுபடி கணக்குப் போட்டுப் பார்த்து, பென்சிலை வைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"போச்சுய்யா. ரெண்டு ஊருக்கும் ஒரே ருசின்னு வெச்சிக்கினாலும், இவ்ளோ வித்தியாசம் தற்செயலா வந்துடலாம். அந்த வாய்ப்பு நூத்துக்கு அஞ்சுக்குக் கீழ இருந்தாதான் மெட்ராஸ் ஹெட் ஆபீசுல ஒத்துப்பாங்க. நேத்து கீழ இருந்துச்சு. இன்னிக்கி ஆறரை."

"ஒரு பொம்பளை வயித்தாலயா சார்?"

"ஒரு பொம்பளை வயித்தாலதான்."

"இன்னும் நூறு நூறு பேரைக் கேக்கறேன் சார். ஆள் ஜாஸ்தியானா வித்தியாசம் பளிச்சினு தெரியும்னு நீங்கதானே சொன்னீங்க?"

"இருந்தா தெரியும்."

முதல் சுற்றில் வடை சுட்ட பச்சைமுத்துவையே கூட்டிக்கொண்டு ஞானராஜ் மறுபடி இறங்கினான்.

விழுப்புரத்தில் அவனுக்கு முன்பே சின்னபொண்ணின் வயிறு ஊரைச் சுற்றி வந்திருந்தது. வடையைக் கண்டதும் ஜனங்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டார்கள். நூறு பேரில் நன்றாயிருக்கிறது என்றவர்கள் நாற்பத்துமூன்று பேர்.

திண்டிவனம் இதைவிடக் கேவலமாக இருந்தால் பிழைத்தேன் என்று பஸ் ஏறினான். அங்கே வரிசை நின்றது.

"பிரமாதம்!" என்றார் முதல் ஆள்.

"இன்னும் வாயில வெக்கலையே?"

"வெச்சிட்டு இன்னொரு தபா சொல்றேன்."

இருதயசெல்வி மூச்சு வாங்க வந்தாள். முகமெல்லாம் சிரிப்பு.

"தெருத் தெருவா போய்ச் சொல்லி வெச்சிக்கினு வர்றேங்க. எல்லாரும் நல்லாருக்குன்னு சொன்னாதானே உங்களுக்கு வேலை கெடைக்கும்?"

அவள் வீங்கிய கால்களைப் பார்த்தான். "ஆமா" என்றான்.

திண்டிவனத்தில் ஐம்பத்தாறு. கூட்டிப் பார்த்தால் விழுப்புரத்தில் இருநூற்றுக்கு நூற்றுநாலு. திண்டிவனத்திலும் இருநூற்றுக்கு நூற்றுநாலு.

"இதுக்குக் கணக்கே வாணாம்யா" என்று அரங்கநாதன் பென்சிலைக் காதில் செருகிக்கொண்டார். "மச்சானை வரச் சொல்லணும்."

ஞானராஜ் ஆபீஸ் பின்கட்டுக்குப் போய், வடைச்சட்டியைத் தேய்த்துக்கொண்டிருந்த பச்சைமுத்துவின் பக்கத்தில் பொத்தென்று உட்கார்ந்தான்.

"இந்த வனஸ்பதி என் பொழப்பையே கெடுத்துடுச்சு அண்ணே."

பச்சைமுத்து கையை உதறிக்கொண்டு திரும்பினார்.

"வனஸ்பதியா? டப்பாவைத் தொறந்தா மெழுகாட்டம் ஒறஞ்சி கெடந்துச்சு, கெட்டுப்போச்சின்னு அன்னிக்கே கொட்டிட்டேன். ரெண்டு ஊருக்கும் நான் சுட்டதெல்லாம் நம்ம ஊரு செக்குல ஆட்டின மல்லாட்டை எண்ணெயிலதாங்க!"